முப்பத்தேழாம் பெட்டி

அந்தக் குளிர்ந்த தண்ணீர் ஜாடியை வழக்குக் கட்டின் மேலிருந்து கொஞ்சம் நகர்த்தி வைத்தால் நல்லது, ஐயா. ஜனவரிக் கோடையில் அசுன்சியோனில் ஜாடி வியர்க்கத்தான் செய்யும். காகிதம் அதைத் தாங்காது. இன்றைக்கு ஒரு வளையம் விழும், பத்து வருடம் கழித்து அதில் பூஞ்சை பூக்கும். நன்றி. இனி நிதானமாகச் சொல்கிறேன்.

என் பெயர் ஹெர்மினியோ ஃப்ரெதஸ். பல்கலைக்கழக நூலகத்தின் கையெழுத்துப் பிரதிகள் பிரிவுக்கு இருபத்தாறு வருடமாகப் பொறுப்பாளன். என் காலத்தில் ஒரு தாள்கூடத் தொலைந்ததில்லை. செல்சா அம்மையார் விஷயத்திலும் எதுவும் தொலையவில்லை என்பதை முதலிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

டாக்டர் அனஸ்தாசியோ ரெக்கால்தே இறந்தபோது முப்பத்தாறு நோட்டுகளை எங்களுக்கு விட்டுப்போனார். நோட்டுக்கு ஒரு பெட்டியாக வைத்தேன். நாற்பது வருட நாட்குறிப்பு. மந்திரிகள், பேராசிரியர்கள், பாதிரியார்கள், யார் வீட்டுச் சாவில் யார் மனைவி அதிகம் அழுதாள் என்பதுவரை எல்லாம் அதில் இருந்தது. ஊரில் பெயருள்ளவர்கள் எல்லோரும் இருந்தார்கள் என்றார்கள். சிக்கல் என்னவென்றால் அதைப் படிக்க முடியாது. பாதி குவரானி, பாதி ஸ்பானியம், உயிரெழுத்துகளை எல்லாம் விழுங்கிவிட்டு, மையில் விழுந்து எழுந்த எறும்பு போன வழி மாதிரி எழுதியிருந்தார். உலகத்தில் அதைப் படிக்கத் தெரிந்தவர் ஒருவர்தான். நாற்பது வருடம் அவருக்குத் தட்டச்சு செய்த செல்சா. ஊரில் எல்லோரையும் போல நானும் மரியாதையாக ஞா செல்சா என்றுதான் கூப்பிடுவேன். எழுபத்து நான்கு வயது.

உயிலில் ஒரு வரி இருந்தது. 'என் நோட்டுகளும் அவற்றைப் படிப்பதற்குத் தேவையான யாவும் நூலகத்தையே சேரும். கட்டடத்தைவிட்டு வெளியே போகக் கூடாது.' அது பூதக்கண்ணாடியைச் சொல்வது என்றார் வக்கீல். பூதக்கண்ணாடியும் வந்திருந்தது. அதை வைத்து இரண்டு வாரம் முயன்று பார்த்தேன், ஒரு சொல்கூடப் பிடிபடவில்லை. அப்படியானால் தேவையானது அது இல்லை என்றுதானே பொருள்?

ஆரம்பத்தில் அவர் லூக்கேயிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்தார். அவர் வாசிப்பார், நான் எழுதிக்கொள்வேன். சுருட்டுப் பிடிக்கக் கூடாது, கையுறை போட வேண்டும் என்பதில் மட்டும் அவருக்கு வருத்தம். "நாப்பது வருஷம் அந்த மனுஷன் உயிரோட இருந்து என் உசுர வாங்கினார்" என்பார். "இப்ப செத்தும் விடமாட்டேங்கறார். அதுக்கு உன்ன ஏஜெண்டா வேற வச்சுட்டுப் போயிருக்கார், தம்பி."

மார்ச்சில் பஸ் வேலைநிறுத்தம் வந்தது. பன்னிரண்டாம் நோட்டு ஒரு வாக்கியத்தின் நடுவிலேயே ஐந்து நாள் நின்றது. ஆறாம் நாள் அவர் வந்தார். நடந்து வந்திருந்தார். பாதங்கள் வீங்கி, செருப்பைக் கையில் பிடித்திருந்தார். நீங்களே யோசித்துப் பாருங்கள். எங்கள் சேகரிப்பின் ஈடுசெய்ய முடியாத ஒரு பகுதி, கொளுத்தும் வெயிலில், லாரிகள் போகும் சாலையில், பதினைந்து கிலோமீட்டர் எந்த உறையும் இல்லாமல் வந்திருக்கிறது. அன்று அவரை நான் திருப்பி அனுப்பவில்லை.

காப்பறையில் பதினான்காம் அலமாரிக்கும் பதினைந்தாம் அலமாரிக்கும் நடுவில் ஒரு மடக்குக் கட்டில் போட்டேன். அங்கே எப்போதும் பதினெட்டு டிகிரி. ஊரே வேகும்போது அவருக்குக் கிடைத்தது மந்திரிக்கும் கிடைக்காத குளிர்ச்சி. குளிர்கிறது என்றார். கம்பளி அனுமதி இல்லை, அந்துப்பூச்சி வரும். அமிலம் நீக்கிய மெல்லிய தாள் நாற்பது கொடுத்தேன், போர்த்திக்கொள்ள. சிப்பா ரொட்டி உதிரும் என்பதால் உள்ளே சாப்பாடு கிடையாது. ஒரு நாளைக்கு இரண்டு முறை நடைவழிப் பெஞ்சுக்கு அழைத்துப் போவேன். ஒவ்வொரு முறையும் வெளியே எடுத்ததற்கும் திரும்ப வைத்ததற்கும் சீட்டில் கையெழுத்துப் போட்டேன். மணிக்கட்டில் பருத்தி நூலில் ஒரு அட்டை கட்டினேன். பெட்டி 37. பென்சிலில்தான் எழுதினேன், மை கறை பிடிக்கும்.

"பெட்டின்னு எழுதிட்ட, மூடி எங்க?" என்று கேட்டுச் சிரித்தார். நகைச்சுவை உள்ளவர்.

வீட்டுக்குப் போகக் கேட்டாரா என்றால், கேட்டார். ஏப்ரலில் தினமும் கேட்டார். மே மாதம் வாரத்துக்கு ஒரு முறை. ஜூனில் கேட்கவில்லை. நிலை அறிக்கையில் 'சீர்' என்று எழுதினேன். இயக்குநருக்கு மாதாமாதம் அனுப்பினேன்: முப்பத்தேழு பெட்டிகள், நிலை சீர். அவரும் மாதாமாதம் கையெழுத்துப் போட்டார்.

ஜூலையில் அவருடைய அண்ணன் மகள் நின்ஃபா வந்தாள். மார்க்கெட்டில் மூலிகை விற்பவள், குரல் கொஞ்சம் பெரிது. விண்ணப்பம் கொடுத்தேன். ஆய்வின் நோக்கம் என்ற இடத்தில் 'அத்தையை வீட்டுக்குக் கூட்டிப்போக' என்று எழுதினாள். இரவல் தருவதில்லை என்று விளக்கினேன்.

"அவங்க என் அத்தைங்க. புஸ்தகமில்ல."

"புத்தகம்னு நான் சொல்லலையே, அம்மா. புத்தகம்னா இன்னொரு பிரதி கிடைக்கும்."

அவள் போலீஸ்காரரைக் கூட்டி வந்தாள். அவர் உயிலை இரண்டு முறை படித்தார், நோட்டரியின் முத்திரையை விரலால் தடவிப் பார்த்தார், "முத்திரை இருக்கேம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு நின்ஃபா செவ்வாய்க்கிழமைகளில் முறைப்படி பதிவு செய்துகொண்டு வந்தாள். இருபது நிமிடம், மேசைக்கு எதிர்ப்பக்கம், கையுறையோடு. அவளும் நல்ல வாசகியாகப் பழகிவிட்டாள். ஒரு தடவை அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதபோது, கண்ணீர் மேலே படாமல் அழச் சொன்னேன். அப்படியே அழுதாள்.

அக்டோபர் கடைசியில் முப்பத்தாறாம் நோட்டின் கடைசிப் பக்கத்தை முடித்தோம். உயில் சொன்ன தேவை தீர்ந்தது, அவரை விடுவிக்கலாம் என்று நானே சொன்னேன். அதை நான் மனதாரத்தான் சொன்னேன். அவர் உடனே தன் பையை எடுத்துத் துணிகளை மடித்து வைத்தார்.

அப்போது ஒரு சந்தேகம் கேட்டேன். பெரிய விஷயமில்லை. டாக்டர் ரெக்கால்தே பதினொரு வருடம் வியாழக்கிழமைதோறும் எங்கள் வாசிப்பறைக்கு வந்தவர். பதினோரு மணிக்கு இருவரும் நடைவழியில் உட்கார்ந்து ஒரே கொம்புக் குவளையில் மாற்றி மாற்றிக் குளிர்ந்த தெரெரே குடிப்போம். அவர் பேசுவார், நான் கேட்பேன். நூலகத்து வாசலில் கடலை விற்றவனைப் பற்றி மூன்று பக்கம் எழுதியிருந்தார். எங்கள் பூனையைப் பற்றிக்கூட இருந்தது. என் பெயர் எந்த நோட்டில் வருகிறது, நான் கவனிக்காமல் விட்டுவிட்டேனா என்று கேட்டேன்.

ஞா செல்சா பையைக் கீழே வைத்தார். "எங்கயும் வரல, தம்பி" என்றார்.

சரி என்றேன். அவர் என் கையுறைமேல் தன் கையை வைத்தார். "இதுக்காகவா இத்தன மாசம் என்ன வச்சிருந்த? முன்னமே கேட்டிருக்கலாமே. வேணும்னா ஒரு வரி சேத்துச் சொல்றேன், எழுதிக்க. நல்லவன், அமைதியானவன்னு. யாருக்குத் தெரியப்போகுது?"

ஐயா, என் நிலையில் இருப்பவர்களுக்கு இது எவ்வளவு பெரிய அதிர்ச்சி என்று வெளியாட்களுக்குப் புரியாது. மூலத்தில் இல்லாததைச் சேர்க்கத் தயாராக இருக்கும் ஒரு மூலம். இப்போது சேர்க்கத் துணிந்தவர் முன்பு எத்தனை இடத்தில் சேர்த்தாரோ, எத்தனை இடத்தில் விட்டாரோ? கறையான் ஒரு பெட்டியில் புகுந்தால் மற்ற பெட்டிகளுக்கும் போகும். பாதித்த பொருளை வெளியே விடக் கூடாது, மற்றவற்றோடு சேர்த்து உள்ளே வைத்தே மருந்து போட வேண்டும். இது என் விதி இல்லை. எந்த நூலகத்திலும் இதுதான் விதி.

வருடாந்திர மருந்துப் புகை டிசம்பரில்தான். நவம்பர் முதல் வெள்ளிக்கு மாற்றினேன். ஆமாம், நான்தான் மாற்றினேன்.

அன்று காலையே அவர் தலை சீவி, பையை மடியில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். அன்றுதான் விடுவிப்பு என்று இருவரிடமும் சொல்லியிருந்தேன், இரண்டு மணிக்கு நின்ஃபா வருவதாக ஏற்பாடு. விடுவிப்புச் சீட்டு எடுத்து வருகிறேன், ஐந்து நிமிடம் என்றேன். "சீட்டில்லாம நீ சொர்க்கத்துக்குக்கூடப் போகமாட்டே" என்றார். வெளியே வந்து இரண்டு பூட்டையும் பூட்டினேன். மருந்து போடும் ஆட்கள் கதவிடுக்கில் நாடா ஒட்டினார்கள். குழாயைத் திறப்பதற்கு முன் அவர்களில் ஒருவர் வழக்கமான கேள்வியைக் கேட்டார்: "உள்ள ஆள் யாரும் இல்லையே?"

"ஆள் யாரும் இல்லை" என்றேன். "முப்பத்தேழு பெட்டிதான்."

பன்னிரண்டு பத்துக்குக் கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. பதிவேட்டில் எழுதியிருக்கிறேன். பன்னிரண்டு இருபத்தைந்துக்கு நின்றது. அதையும் எழுதியிருக்கிறேன். உள்ளே யார் இருக்கிறார் என்று தெரிந்தேதான் செய்தேன். இதில் எதையும் மறுக்க நான் வரவில்லை. இரண்டு மணிக்கு நின்ஃபா வந்தபோது, மருந்து போட்டிருப்பதால் திங்கட்கிழமைவரை பார்வையாளர்களுக்கு அனுமதி இல்லை என்று சொன்னேன். அவள் நடைவழிப் பெஞ்சில் உட்கார்ந்தாள். காத்திருக்கிறேன் என்றாள். மாலை மூடும் நேரம்வரை இருந்தாள்.

தனிப்பட்ட கோபத்தில் செய்தேன் என்று உங்கள் குறிப்பில் எழுதியிருக்கிறீர்கள். அதை அடித்துவிட வேண்டும். டாக்டர் ரெக்கால்தே என்னை மறக்கவில்லை. அதற்கு ஆதாரம் இருக்கிறது. அந்த வாரக் கடைசி முழுக்க நான் அந்த நோட்டுகளை முன்பே எடுத்து வைத்திருந்த நிழற்படங்களை வைத்துக்கொண்டு தனியாக உட்கார்ந்து தேடினேன். இருபத்திரண்டாம் நோட்டு, நாற்பதாம் பக்கம், கீழிருந்து மூன்றாவது வரி. ஒரு நீண்ட கோடு, ஒரு சுழி, இரண்டு புள்ளி. செல்சா அதை 'மழை' என்று வாசித்தார். அது ஃப்ரெதஸ். எந்தக் கோணத்தில் பார்த்தாலும் ஃப்ரெதஸ்தான். இல்லையென்று சொல்லக்கூடியவர் இப்போது யாரும் இல்லை.