மடியில் இருந்த மாதா

செவ்வாய்க்கிழமை, காலை பத்தே கால் மணி. மன்னார்புரத்திலிருந்து ஸ்ரீரங்கம் போகும் டவுன் பஸ். எனக்கு முன் சீட்டில் ஓய்வுபெற்ற ஆசிரியைகள் இருவர். ஜன்னலோரம் இருந்தவரின் மடியில், பழைய சேலையில் சுற்றிய ஒரு பொருள்.

“இனிமே மாதா உங்க வீட்டுலதான் இருக்கணும் டீச்சர்,” என்றார் அவர். நான் படித்துக்கொண்டிருந்த புத்தகத்தை மூடினேன்.

“தாராளமா இருக்கட்டும். நவராத்திரிக்கு கொலுப்படியில ஏத்திடுவேன், பரவாயில்லையா?”

“எங்க வேணாலும் வைங்க. தூக்கிப் போடாம இருந்தா சரி.”

“வீட்டுல என்னதான் ஆச்சு?”

“பெரியவன் புதுசா ஒரு சபைக்குப் போறான்ல. சுரூபம், சிலைன்னு எது வச்சிருந்தாலும் வீட்டுக்கே சாபமாம். வசனத்தை நம்பரோட சொல்றான்.”

“சின்னவர்தான் கடவுளே இல்லைங்கிறவராச்சே. அவராவது உங்களுக்காகப் பேசலையா?”

“அவனுக்கு இது மூடநம்பிக்கை. அவனும் ஏதோ புஸ்தகத்துலேர்ந்து பக்க நம்பரோட சொல்றான்.”

“ரெண்டு பேருக்கும் பேச்சுவார்த்தையே இல்லைன்னீங்களே?”

“ஆறு வருஷமா இல்லை. அவங்க அப்பா அடக்கத்துலகூட ஆளுக்கொரு பக்கம் நின்னாங்க. ஆனா இந்த ஞாயித்துக்கிழமை பெரியவன் ஸ்டூலைப் பிடிச்சுக்கிட்டான், சின்னவன் ஏறி மாதாவை இறக்கினான். ‘பாத்துடா’ன்னான் இவன். ‘சரிண்ணே’ன்னான் அவன்.”

காவிரிப் பாலத்தில் பஸ் ஊர்ந்தது. ஜன்னலோரம் இருந்தவர் மாதாவைச் சுற்றியிருந்த சேலையைச் சரிசெய்தார்.

“ரொம்ப வருத்தமா இருக்கா டீச்சர்?”

“என்னன்னு சொல்றது? ரெண்டு பேரும் ஒருநாளாவது ஒண்ணா நிக்கணும்னுதான், இந்த மாதாகிட்ட ஆறு வருஷமா செபமாலை சொன்னேன்.”