எண்ணெய் வைக்காத தட்டு

பொம்மசந்திரா போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். ஒருத்திக்கு மருந்து கம்பெனி லேபில் வேலை, மற்றவளுக்கு அங்கேயே பேக்கிங்கில். லேப் பெண்ணின் துப்பட்டாவிலிருந்து ஏதோ புல் வாசனை தூக்கலாக வந்தது.

“எண்ணெய் வச்ச தட்டுல கிருமி செத்துப்போச்சு. வைக்காத தட்டுலயும் செத்துப்போச்சுடி.”

“என்ன எண்ணெய்?”

“ராஜஸ்தான் பாலைவனத்துல வளர்ற ஒரு புல்லு. அதுலேர்ந்து எடுத்தது.”

“ரெண்டுலயும் செத்தா நல்லதுதானே?”

“வைக்காததுல கிருமி வளரணும். அப்பத்தான் மத்ததுல எண்ணெய்தான் கொன்னுச்சுன்னு சொல்ல முடியும். மூணு தரம் செஞ்சாச்சு. நான் தட்டை மாத்திட்டேன்னு சார் நினைக்கிறார். இன்னிக்கும் இப்படின்னா வேற ஆளைப் போடுவாராம்.”

“மாத்தினியா?”

“சத்தியமா இல்ல. நானே பேர் எழுதி, ரெண்டையும் ஒரே டப்பாவுல வச்சு இறுக்கி மூடினேன். யாரும் தொடல.”

“அப்ப எப்படிடி?”

“அதான் புரியல.”

“சரி, ஜன்னலைத் திற. உன்மேல வர்ற வாசனை மண்டையைக் குடையுது.”

அவர்கள் இறங்கிப் போன பிறகும் அந்த வாசனை போகவில்லை. முகர்ந்து பார்த்தால், என் சட்டையில். நான் எந்த எண்ணெயையும் தொடவில்லை.