முப்பத்தோராம் நாள்

எந்தக் காகிதத்தையும் முழுதாகப் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவேன், சார். புஜைரா துறைமுகத்தில் பதினாறு வருஷமாக என் வேலையே அதுதான். எங்கள் நிறுவனம் கப்பல்களுக்கு மின்னணுக் கடல் வரைபடம் விநியோகிக்கிறது. ஆழம் மாறினாலும் ஏதாவது மூழ்கினாலும் வாராவாரம் திருத்தம் அனுப்புவோம். அதற்குச் சான்றிதழ் வேண்டும். நிறுவனத்தை விற்றால் சான்றிதழ் கூடவே போகாது. புது முதலாளி முப்பது நாளுக்குள் மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். தவறினால் முப்பத்தோராம் நாள் விநியோகத்தை நிறுத்திவிட வேண்டும்.

மார்ச்சில் நிறுவனம் கைமாறியது. எனக்கென்று சொல்லிவைத்திருந்த மேனேஜர் நாற்காலியில் நிதின் வந்து உட்கார்ந்தான். துபாயில் வளர்ந்தவன், முப்பது வயது. என் விதிப்புத்தகத்தை எல்லோர் முன்னாலும் தூக்கிக் காட்டினான்.

"சேது அங்கிள், இத மியூசியத்துல வைங்க. டிக்கெட் போட்டே பொழச்சுக்கலாம்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மாற்ற விண்ணப்பத்தில் படிக்காமலே கையெழுத்துப் போட்டு, "நீங்களே அனுப்பிடுங்க" என்று என்னிடம் தந்தான். நான் அனுப்பவில்லை. கேட்டபோதெல்லாம், "ப்ராசஸ்ல இருக்கு சார்" என்றேன்.

முப்பத்தோராம் நாள் காலை, யாரிடமும் சொல்லாமல் விநியோகத்தை நிறுத்தினேன். அந்த வாரத் திருத்தத்தை அலுவலகத்தில் நான் மட்டுமே படித்திருந்தேன். அதன்படி, துறைமுகத்துக்கு வடக்கே ஒரு பார்ஜ், சரக்கு ஏற்றும் தட்டைப் படகு, மூழ்கிக் கிடந்தது.

பத்து மணிக்கு அஸீம் போனில் கூப்பிட்டான். சின்ன எண்ணெய்க் கப்பல் ஒன்றில் இரண்டாம் அதிகாரி, காயல்பட்டினத்துக்காரன்.

"அண்ணே, இந்த வாரம் கரெக்‌ஷன் வரலையே? கேப்டன் உயிர வாங்குறாரு. வடக்காலதான் போறோம். புதுசா எதுவும் இருக்கா?"

"மாஃபி, ஒண்ணும் இல்ல தம்பி. போன வாரத்துதே போதும். யல்லா, கிளம்புங்க."

உண்மையைச் சொல்லியிருந்தால் கப்பல் சுற்றிப் போயிருக்கும். நிதின் மறுநாளே புது விண்ணப்பம் போட்டுத் தப்பித்திருப்பான். அவனை நிற்கவைத்துக் கேள்வி கேட்க உங்களைப் போல் யாராவது வர வேண்டும் என்றால், ஒரு கப்பல் இடித்தாக வேண்டும். அடிப்பக்கம் கொஞ்சம் கீறும் என்றுதான் நினைத்தேன். கப்பல் பார்ஜில் இடித்து முன்னறைக்குள் தண்ணீர் புகுந்தபோது அங்கே இரண்டு பேர் வேலையில் இருந்தார்கள். அவர்களைக் கூப்பிட அஸீம் இறங்கியிருக்கிறான். மூவரும் மேலே வரவில்லை.

இதையும் எழுதிக்கொள்ளுங்கள், சார். சான்றிதழ் இல்லாமல் கடல் தகவல் தருவது குற்றம். அந்தக் குற்றத்தை நான் செய்யவில்லை.