எண்பத்துமூணு சதவீதம்

டெக்னீஷியன்: ஊதுங்க, ஊதுங்க... விடாதீங்க... இன்னும், இன்னும்... சரி, போதும். மூக்குல இருக்கற கிளிப்ப எடுத்துடலாம்.

கிரஷர் தொழிலாளி: அப்பாடா! பாஸா மேடம்?

டெக்னீஷியன்: இது என்ன பரீட்சையா? இருங்க, கம்ப்யூட்டர் கணக்குப் போடட்டும்.

தொழிலாளி: எங்க மொதலாளிக்குப் பரீட்சைதான். இந்தப் பேப்பர் சரியில்லன்னா, நாளைக்குக் கல் கிரஷர் கேட்டுக்குள்ள விடமாட்டாங்க.

டெக்னீஷியன்: ம்... மொத நொடியில ரெண்டரை லிட்டர் காத்து. உங்க வயசுக்கும் உயரத்துக்கும் வரவேண்டியதுல எண்பத்துமூணு சதவீதம்.

தொழிலாளி: எண்பத்துமூணா! ஸ்கூல்லகூட நான் இவ்ளோ எடுத்ததில்ல.

டெக்னீஷியன்: போன வருஷம் நாப்பத்தொண்ணு.

தொழிலாளி: அது... பீடிய விட்டுட்டேன்ல.

டெக்னீஷியன்: பீடிய விட்டா, மேற்கொண்டு சீக்கிரம் கெடாது. போன மூச்சு இவ்வளவு திரும்பி வராது.

தொழிலாளி: தினமும் நடக்கவும் செய்யறேன்...

டெக்னீஷியன்: நல்லது, நடங்க.

தொழிலாளி: அப்ப சீல் குத்திக் குடுங்க, கெளம்பறேன்.

டெக்னீஷியன்: இந்தக் கோட்டப் பாருங்க. சட்டுனு ஏறி, நேரா சரிஞ்சு எறங்கணும். இது நடுவுல தொங்குது, ஈரத் துணி போட்ட கொடி மாதிரி.

தொழிலாளி: அதான் எண்பத்துமூணு இருக்கே!

டெக்னீஷியன்: இழுத்த காத்துல முக்கால் பங்காவது மொத நொடியிலயே வெளிய வரணும். இங்க மூணுல ரெண்டு பங்குகூட வரல. மூச்சுக்குழாய் அடைக்க ஆரம்பிச்சிருக்கு.

தொழிலாளி: அடைப்பு விடணும்னு மருந்து உறிஞ்சச் சொல்லி, மறுபடி ஊத விட்டீங்களே?

டெக்னீஷியன்: அப்பவும் இதேதான்.

தொழிலாளி: மெஷின்ல கோளாறா இருக்கும்...

டெக்னீஷியன்: மூணு தடவை ஊதினீங்க. மூணு கோடும் ஒண்ணு மேல ஒண்ணு உக்காருது.

தொழிலாளி: அப்ப எண்பத்துமூணு எப்படி வந்துச்சு?

டெக்னீஷியன்: நாப்பத்தொம்பது வயசுன்னு போட்டதாலதான் எண்பத்துமூணு. முப்பது சொச்சம் வயசுக்காரர் இப்படி ஊதினா, எழுபதுதான் வரும்.

தொழிலாளி: எழுபதா?

டெக்னீஷியன்: போன வருஷம் இதே நாற்காலியில ஒருத்தர் ரெண்டாவது தடவை ஊதறதுக்குள்ள இருமித் தவிச்சுப் போனாரு. தண்ணி குடுத்தது நான்தான். முகம் மறக்கல.

தொழிலாளி: மேடம்...

டெக்னீஷியன்: நான் சண்டைக்கு வரல. ரிப்போர்ட்டுல வயசு சரியா இருக்கணும். எத்தனைன்னு போட?

தொழிலாளி: முப்பத்திரண்டு... நாப்பத்தொம்பது எங்க அண்ணனுக்கு. அவரால இந்த மாடிகூட ஏற முடியல. எனக்கு ஒண்ணும் இல்லன்னுதான், அவருக்குப் பதிலா ஊதறேன்னு வந்தேன்... நான் கிரஷர்ல சேர்ந்து ஆறு வருஷம்தானே மேடம் ஆகுது?