ஏழு நிலையங்களுக்கு ஒரே சாவி

தேநீருக்கு நன்றி, இன்ஸ்பெக்டர் ஐயா. சர்க்கரை வேண்டாம் என்று நேற்று ஒரு தடவைதான் சொன்னேன், நினைவில் வைத்திருக்கிறீர்கள். குடிநீர் வாரியத்தில் பதினோரு வருடம் இருந்தேன். அங்கே பதினான்கு கடிதம் எழுதினாலும் யார் மண்டையிலும் ஏறாது.

ஐந்தாம் நீரேற்று நிலையத்தைப் பார்த்துக்கொள்ளும் அக்கா இருபது நாளாகச் சிறையில் இருக்கிறார். அவருடைய கவனக்குறைவால் பத்தொன்பது பேர் செத்தார்கள் என்று வழக்கு. அதில் ஒரு தொழில்நுட்பப் பிழை இருக்கிறது. அதைத் திருத்தத்தான் வந்தேன்.

ஏழு நிலையங்களிலும் ஒரு சின்னப் பெட்டி உண்டு. தண்ணீரில் குளோரின் எவ்வளவு என்று அளந்து கட்டுப்பாட்டு அறைக்கு அனுப்பும். அதைப் பார்த்து அங்குள்ள இயந்திரம் குளோரினைக் கூட்டும், குறைக்கும். அனுப்புவது உண்மையான பெட்டிதானா என்று எப்படித் தெரியும்? முன்பு ஒவ்வொன்றுக்கும் மின்னணுச் சான்றிதழ் இருந்தது, நம் அடையாள அட்டை மாதிரி. அது காலாவதியாகும். ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாம் சேர்ந்து காலாவதியாகி ஏழு நிலையமும் ஊமையாகிவிட்டன. அதனால் சான்றிதழை விட்டுவிட்டு ரகசியச் சாவிக்கு மாறலாம் என்றேன். பெட்டிக்கும் கட்டுப்பாட்டு அறைக்கும் மட்டும் தெரிந்த ஒரு நீண்ட எழுத்துத் தொடர், அவ்வளவுதான். சின்னப் பெட்டிகளுக்கு அதுவே பொருத்தம். அந்த யோசனை என்னுடையது, இன்றும் சரியானது.

ஆனால் நிலையத்துக்கு ஒரு சாவி என்று எழுதியிருந்தேன். எங்கள் தலைமைப் பொறியாளர் ஏழுக்கும் ஒரே சாவி போடச் சொன்னார். எந்தக் கோப்பை நீட்டினாலும் "பார்க்கலாம்" என்பவர், அதனால் அவருக்குப் 'பார்க்கலாம் சார்' என்றே பெயர்.

"ஏழு சாவி வச்சா ஏழு தலைவலிப்பா. யாரு வந்து உன் தண்ணியைத் திருடப் போறா?" என்று சிரித்தார்.

ஒரே சாவி என்றால், அதை வைத்திருக்கும் யாரும் எந்த நிலையமாகவும் பேசலாம். பதிவைப் பார்த்தால் ஆள் யாரென்று தெரியாது. இதைத்தான் மூன்று வருடம் எழுதினேன். சுவரிடம் சொல்லியிருந்தால் எதிரொலியாவது வந்திருக்கும். எழுதிப் புரியாதவர்களுக்குச் செய்து காட்டுவதைத் தவிர வேறு வழி தெரியவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, ஐந்தாம் நிலையத்தின் பெட்டியைத் துண்டித்துவிட்டு, என் மேசையிலிருந்தே அதே சாவியால் இணைந்தேன். நான் ஐந்து, குளோரின் நிறைய இருக்கிறது என்று சொன்னேன். கட்டுப்பாட்டு அறை நம்பியது, குளோரினைக் குறைத்துக்கொண்டே போய் நிறுத்தியது. ஒரு மணி நேரத்தில் யாராவது கவனிப்பார்கள் என்று கணக்குப் போட்டேன். சாயங்காலம் வரை ஒருவரும் கேட்கவில்லை. அப்போது நிறுத்தினால் இன்னொரு கடிதம் எழுதியதற்குச் சமம். ஆகவே தொடர்ந்தேன். ஒன்பது நாள்.

என் மனைவியிடம் தண்ணீரைக் கொதிக்கவைக்கச் சொன்னேன். "திடீர்னு என்ன அக்கறை?" என்றாள். சளி பிடித்திருக்கிறது என்றேன்.

கவனித்தது அக்கா மட்டும்தான். மூன்றாம் நாள் எனக்குப் போன் செய்தார்.

"தம்பி, தண்ணியில சோதனை மருந்தை விட்டா, குளோரின் இருந்தா வர்ற மஞ்சளே வரமாட்டேங்குது. திரையில என்னடான்னா எல்லாம் நல்லாருக்குன்னு காட்டுது. ரெண்டுல யாரு பொய் சொல்றா?"

"மருந்து பழசாயிருக்கும்க்கா. புது பாட்டில் கேட்டு எழுதிப் போடுங்க."

"எழுதிப் போட்டா? பார்க்கலாம் சார் பாத்துட்டே இருப்பாரு" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். அந்த வாரியத்தில் என்னைப் போலவே அலுத்துப்போன ஒரே ஆள் அவர்.

ஆறாம் நாள் மறுபடி அழைத்தார்.

"புது பாட்டில்லயும் நிறம் வரலையே தம்பி. இங்க சின்னப் புள்ளைங்கல்லாம் வயித்தாலப் போகுதுன்னு ஆஸ்பத்திரியில கிடக்குதுங்க. நானே கையால குளோரினைத் திறந்து விட்டுடவா?"

"அதுல கை வைக்காதீங்கக்கா. ஏதாவது ஆனா பழி உங்க மேல வரும்."

அவர் கை வைக்கவில்லை. சொன்னால் கேட்பவர். தினமும் 'நிறம் வரவில்லை' என்று நோட்டில் எழுதினார். தெரிந்தும் சும்மா இருந்தார் என்பதற்கு அந்த நோட்டுத்தான் இப்போது சாட்சி. தம்பிதான் சொன்னார் என்று விசாரணைக் குழுவிடம் அவர் சொல்லியிருக்கிறார். என்னைக் கேட்டபோது நினைவில்லை என்றேன். அறிக்கை எப்படி வருகிறது என்று அப்போது பார்க்க வேண்டியிருந்தது.

பத்தொன்பது என்கிறீர்கள். அதில் இரண்டு பேர் முன்பே படுக்கையில் இருந்தவர்கள். எண்ணிக்கையில் கவனமாக இருப்பது நல்லது.

போன வாரம் அறிக்கை வந்தது. அறுபத்திரண்டு பக்கம். இரண்டு முறை படித்தேன். சாவி என்ற சொல் ஓரிடத்தில்கூட இல்லை. எல்லா நிலையத்துக்கும் புதிய சோதனை மருந்து வாங்கவேண்டும் என்று பரிந்துரை. அன்றைக்குத்தான் எனக்கு முதல்முறையாகத் தூக்கம் வரவில்லை.

இந்த வாக்குமூலம் போதும், நாளையே அக்காவை விட்டுவிடலாம் என்கிறீர்கள். மகிழ்ச்சி. ஆனால் நீங்கள் எழுதியதில் நான் ஐந்தாம் நிலையம்போல் நடித்தேன் என்று மட்டும் இருக்கிறது. ஒரே சாவி என்பதால்தான் முடிந்தது, நான் முன்பே எச்சரித்தேன் என்ற வரியைக் காணோம். அது சம்பந்தமில்லாத விஷயம் என்கிறீர்கள். பேனாவை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் ஐயா. அந்த வரி வரும்வரை நான் கையெழுத்துப் போடுவதாக இல்லை. அக்கா இன்னும் சில நாள் உள்ளே இருக்கட்டும், அவர் புரிந்துகொள்வார்.