ஒரு சுற்றை மிச்சம் வைத்த கஸ்தோன் லெபைலிக்கு

வளைவுகளை வணங்க வைத்த வல்லவரே! வழுக்கும் மழையிலும் வழுவாத வலக்காலரே! ரூவான் நகரத்து ரொட்டிக்கடைகளில் எல்லாம் படமாய்ச் சிரிக்கும் கார்ப் பந்தயக்காரரே! எங்கள் கஸ்தோன் லெபைலி அவர்களே! பட்டறைக்காரர்கள் பதினொருவரும் பணிந்து, மகிழ்ந்து, முக்கியமாக நிம்மதிப் பெருமூச்சு விட்டு, தாங்கள் ஓய்வு பெறும் இந்நன்னாளில் வழங்கும் மடல் இது.

இருபத்திரண்டு ஆண்டுகள்! தங்கள் புகழை நாங்கள் சொல்லித்தான் தெரிய வேண்டுமா? வேகமாகப் போனதற்காகத் தங்களை மறித்த காவலர், அபராதச் சீட்டை எழுதி முடித்து, "பின்னாடி ஒரு கையெழுத்துப் போட்டு எனக்கே குடுத்துடுங்க ஐயா, என் சம்சாரம் நம்ப மாட்டா" என்று கெஞ்சிய கதையை நார்மண்டி மாகாணம் முழுவதும் அறியும்.

ஆனால் ஊர் கொண்டாடிய ஞாயிறுகளில் நாங்கள் பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும். காட்டுச் சரிவில் மறைந்த வண்டி திரும்பி வரும் வரை தலைமை மெக்கானிக் மோரிஸ் மூச்சுவிட்டதை யாரும் பார்த்ததில்லை. தாங்களோ விசிலடித்துக்கொண்டே வண்டியில் ஏறுவீர்கள். "பயமா? அது எந்தக் கடையில கிடைக்குது?" என்று கேட்டு எங்கள் எரிச்சலைக் கிளப்புவீர்கள்.

சென்ற மாதம் நடந்த கடைசிப் பந்தயத்திலும் தாங்களே முன்னணியில். மக்கள் எழுந்து நின்று தொப்பிகளை வீசினார்கள். இத்தனை ஆண்டும் தங்கள் சுற்றுகளைக் கோடு போட்டு எண்ணி, ஓரத்தில் பலகை காட்டிய சொலாஞ்ச் அம்மையார், கண்ணீரைத் துடைத்த கையோடு ஒரே சுற்றுக்கு இரண்டு கோடு போட்டுவிட்டார். கடைசிச் சுற்று என்னும் பலகை ஒரு சுற்று முன்னதாகவே உயர்ந்துவிட்டது. அதை நம்பி, அந்தச் சுற்று முடிந்ததும் தாங்கள் வேகம் தணித்துக் கையசைத்துச் செல்ல, பின்னால் வந்த இத்தாலியர் வெற்றியைத் தட்டிக்கொண்டு போனார்.

"கடைசி நாள்ல அவரோட வெற்றியை நானே அழிச்சுட்டேனே, எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு விழாவுக்கு வர்றது?" என்று அம்மையார் கதவைச் சாத்திக்கொண்டார். மூன்று வாரம் யார் அழைத்தும் திறக்கவில்லை. நேற்று மோரிஸைக் கூட்டிக்கொண்டு தாங்களே போய்த் தட்டினீர்கள்.

"சொலாஞ்ச், முடிவுக் கொடி விழலைன்னு எனக்குக் கண்ணு தெரியாதா? ஒரு சுத்து பாக்கி இருக்குன்னு தெரிஞ்சேதான் காலை எடுத்தேன்."

"பின்ன ஏன்யா எடுத்தீங்க?"

"பயம். இருபத்திரண்டு வருசமா ஒவ்வொரு சுத்தும் பயம். அந்தச் சரிவுல இன்னொரு தடவை பறக்கணுமான்னு நினைச்சுக்கிட்டே வந்தேன். போதும்னு நீ பலகையைக் காட்டுன. அப்பாடான்னு இருந்துச்சு."

அம்மையார் அழுதார். பிறகு, "இதைச் சொல்ல மூணு வாரமா?" என்று தங்கள் முதுகில் இரண்டு வைத்தார். இன்று முதல் வரிசையில் அமர்ந்திருக்கிறார்.

வெற்றியை விட்டு வீடு வந்த வீரரே! தாங்கள் அஞ்சாதவர் என்றுதான் இத்தனை காலமும் நாங்கள் அஞ்சிச் செத்தோம். தாங்களும் அஞ்சினீர்கள் என்று அறிந்த பிறகே எங்களுக்கு உயிர் வந்தது. முழுதாய் எங்கள் முன் நிற்கிறீர்களே, அது போதும் ஐயா! நூறாண்டு வாழ்க! நோயின்றி வாழ்க! அவசரமே இல்லாமல் வாழ்க!

அன்பில் அகலாத,
பட்டறைத் தோழர்கள் பதினொருவர்,
ரூவான்.