திராட்சைத் தண்ணி

அட, இதுக்குப் போயி யாராவது இப்படிக் குசுகுசுன்னு பேசுவாங்களா? வாய விட்டுச் சொல்லும்மா. மலச்சிக்கல். அவ்ளோதான். இந்த வரிசையில நிக்கிற பாதிப் பேருக்கு அதுதான், மீதிப் பேரு வெளிய சொல்லிக்க மாட்டாங்க. மருந்து குடுக்குறவன் ஒண்ணும் சிரிக்க மாட்டான். சிரிச்சா நான் கேக்குறேன்.

இப்படிச் சுவரோரமா வா, இங்கதான் ஃபேன் காத்து வரும். முன்னாடி நிக்கிறவரு பெரிய பையோட வந்திருக்காரு, இப்போதைக்கு நகர மாட்டாரு.

உக்காந்தே பாக்குற வேலையா உனக்கு? அதானே பாத்தேன். தண்ணி குடிக்கிறியா? பொய் சொல்லாத. காலையில பாட்டில ரொப்பிட்டுப் போயி சாயந்திரம் அப்படியே திருப்பிக் கொண்டு வர்ற ஆளு நீ, மூஞ்சியப் பாத்தாலே தெரியுது. எங்க வீட்டுலயும் ஒண்ணு இருக்கே உன்ன மாதிரி. என் வீட்டுக்காரரைத்தான் சொல்றேன்.

அவரு கிரேன் ஓட்டுறவரும்மா. பெரிய கட்டடம் கட்டுற எடத்துல ஒசரமா ஒண்ணு நிக்குமே, அது உச்சியில ஒரு கண்ணாடிக் கூண்டு இருக்கும் பாரு, அதுக்குள்ள. காலையில ஏறினா சாயந்திரம்தான் எறக்கம். சைட்ல பேரே கழுகுதான், நெசப் பேரு சம்பளம் குடுக்குறவனுக்கே மறந்திருக்கும். தண்ணி குடிச்சா எறங்கணும், எறங்கினா கீழ அத்தன பேரு வேலையும் நின்னுடும். அதனால குடிக்கவே மாட்டாரு. நாக்கு வறளாம இருக்க ஒரு கிராம்பக் கன்னத்துல ஒதுக்கிப்பாரு. நாள் பூரா அங்கயே கெடக்கும். அதோடயே வாக்கிடாக்கியில பேசுவாரு, கீழ நிக்கிறவன ஏசுவாரு, சிரிப்பாரு, ஒருத்தனுக்கும் தெரியாது. வீட்டுக்கு வந்து எங்கூடப் பேசிட்டு இருப்பாரு, சாப்பிட உக்காரும்போது துப்புவாரு பாரு, அப்பதான் அட, இது இன்னும் உள்ள இருந்துச்சான்னு எனக்கே தெரியும். அப்படி ஒரு அழுத்தக்கார மனுசன்.

சரி, உன் கதைக்கு வருவோம். காலையில எந்திரிச்சதும் வெதுவெதுன்னு ஒரு சொம்புத் தண்ணி. அவசரமா ஊத்திக்காம மெதுவாக் குடி. ராத்திரியே உலர் திராட்சைய ஊறப்போட்டு வெச்சிடு, கறுப்பா இருக்குமே, அது. காலையில கையால நல்லாப் பெசஞ்சு அந்தத் தண்ணியோட குடிச்சிடு. அத்திப்பழமும் ஊறப்போடலாம். பப்பாளி சாப்பிடுவியா? வாடையா? மூக்கப் பிடிச்சுட்டு முழுங்கு. வாழப்பழம் நல்லாப் பழுத்ததா இருக்கணும், காய்வெட்டாச் சாப்பிட்டா இன்னும் கட்டிக்கும். வெளக்கெண்ணெய்ய மட்டும் யாரு சொன்னாலும் நீயா எடுத்துக் குடிச்சிடாத, பிடுங்கி எடுத்துடும்.

இன்னொண்ணு. உக்காரும்போது காலுக்குக் கீழ சின்னதா ஒரு முக்காலி போட்டுக்க. முட்டி மேல வரணும். நான் அவருக்கு பெயின்ட் டப்பாவக் கவுத்துப் போட்டுக் குடுத்தேன். கூண்டுல உக்காந்த மனுசன டப்பா மேல கால் வெக்க வெச்சிட்டியேடின்னாரு. வயித்தையும் தேச்சு விடணும், வலப்பக்கம் கீழேருந்து மேல போயி, குறுக்கால வந்து, இடப்பக்கம் எறங்கணும். வந்தா அடக்காத, எந்த வேலை இருந்தாலும் எந்திரிச்சுப் போயிடு. ரத்தம் கித்தம் போகுதா? இல்லையே? போனா வெக்கப்பட்டுட்டு உக்காந்திருக்காம டாக்டரப் பாரு, கேட்டியா? கேட்டியான்னு கேட்டேன். ம், சரி.

அவருக்கா? அவருக்கு எதுவும் கேக்கலம்மா. நான் சொன்னது அத்தனையும் செஞ்சு பாத்துட்டேன். வயிறு கல்லாட்டம் கெடக்கும். டாக்டர் குடுத்த சிரப்பும் சும்மா வாயத் தித்திக்க வெச்சதோட சரி. நான் மெதுவாக் கதவத் தட்டி என்னாச்சுங்கன்னு கேப்பேன், உள்ளேருந்து ஒரு பெருமூச்சு வரும். நான் மறுபடி போயி திராட்சைய ஊறப்போடுவேன். எனக்கு வேற என்ன தெரியும்?

போன வாரம் ஒருநாள் காலையில, ஏய் இங்க வாடின்னு உள்ளேருந்து சத்தம். எனக்குப் பகீர்னுச்சு, விழுந்துட்டாரோன்னு ஓடினேன். கதவத் தொறந்துட்டு நிக்கிறாரு, மூஞ்சியெல்லாம் சிரிப்பு. ஆயிடுச்சுடி, உன் திராட்சைத் தண்ணி ஜெயிச்சிடுச்சுன்னாரு. எனக்குத் தலகால் புரியல போ. என் நாத்தனாருக்குப் போன் போட்டு, உங்கண்ணனுக்கு ஆயிடுச்சும்மான்னு கத்துறேன், அவ ஆபீஸ்ல எல்லாரும் பாக்குறாங்க அண்ணி மெதுவாங்கிறா. பக்கத்து வீட்டுல வரைக்கும் சொல்லிட்டு வந்தேன். சிரி சிரி, எனக்கே இப்ப நெனச்சா சிரிப்பாத்தான் வருது.

அதுக்கப்புறம் தெனமும் ஆச்சு. ஆனா மனுசன் ராத்திரியெல்லாம் துண்டக் கடிச்சுட்டுக் கெடப்பாரு. வேர்த்து ஊத்தும். என்னங்கன்னா, வயித்தப் பொரட்டுது, உன் வைத்தியம் வேல செய்யுதுடிம்பாரு. நானும் நம்பினேன். வயிறு எளகுது, அதான் வலிக்குதுன்னு சந்தோசமா இருந்தேன்னா பாத்துக்கயேன்.

நேத்து தலகாணி உறையத் துவைக்கலாம்னு உருவினேன். உள்ள ஓரத்துல மாத்திரையா ஒட்டிட்டு இருக்கு. எச்சில்ல ஊறிக் காஞ்சு போயி, பாதி பாதியா. நான் எங்கையால வாயில போட்டு, தண்ணி குடுத்து, முழுங்கிட்டீங்களான்னு கேட்ட மாத்திரை. முழுங்கிட்டேன்னு வாயத் தொறந்து பேசினாரும்மா எங்கிட்ட. எல்லாத்தையும் கன்னத்துல ஒதுக்கி வெச்சிருந்திருக்காரு.

வலி மாத்திரைதான். ரொம்பப் பெரிய வலிக்குக் குடுக்குறது. அது வலிய அடக்கும், ஆனா வயித்தக் கட்டிப்போட்டுடும். அதத்தான் நிறுத்திட்டாரு. எதுக்குன்னு எனக்குத் தெரியாதா? இவ இவ்ளோ பாடுபடுறா, எதுவும் பலிக்க மாட்டேங்குது, இந்த ஒண்ணாவது பலிச்சதா இருக்கட்டும்னு அந்த வலியத் தாங்கிட்டுக் கெடந்திருக்காரு. திட்டலாம்னு வாய் வரைக்கும் வந்துச்சு. உறைய ஊறப்போட்டுட்டு வந்துட்டேன்.

ஆமாம்மா, வயித்துலதான் கட்டி. ஈரல் வரைக்கும் போயிடுச்சு. இனிமே குணப்படுத்த எங்ககிட்ட மருந்தில்ல, வீட்டுல வெச்சு வலி தெரியாமப் பாத்துக்குங்க, மோஷன் போகுதான்னு மட்டும் கவனிச்சுக்குங்கன்னு அந்த டாக்டரம்மா சொல்லி அனுப்பிட்டாங்க. எல்லாம் கைய விட்டுப் போயி, எனக்குன்னு மிஞ்சினது அந்த ஒரு வேலதான். அதான் இதுல மட்டும் நான் பெரிய புலி.

அழாத, அழாத. உனக்கு வந்திருக்கிறது அதில்ல, தண்ணி குடிக்காம வந்தது, சரியாயிடும். நான்தான் வாய வெச்சுட்டு சும்மா இல்லாம உன்னப் பயமுறுத்திட்டேன்.

இப்பவா? காலையில டாக்டரம்மாகிட்ட எல்லாத்தையும் சொன்னேன். அதே மருந்து தண்ணியா வருதாம், எழுதிக் குடுத்திருக்காங்க, அத வாங்கத்தான் நிக்கிறேன். கசக்குமாம். திராட்சைத் தண்ணியில கலந்து குடுக்கலாமான்னு கேட்டேன், தாராளமாக் குடுங்கன்னாங்க. வயித்துக்கு நல்லதுன்னு சொல்லிக் குடுத்துடுவேன். தண்ணியக் கன்னத்துல ஒதுக்க முடியாதுல்ல?

மறுபடி கட்டிக்கும், தெரியும். கட்டட்டும். ஆனா நீ வேணா பாரு, காலையில கதவத் தட்டி என்னாச்சுங்கன்னா, ஆயிடுச்சுடின்னுதான் சொல்லுவாரு. நானும் என் நாத்தனாருக்குப் போன் போட்டுக் கத்துவேன், அவரு காதுல விழுற மாதிரி.

அந்தப் பெரிய பைக்காரரு முடிச்சிட்டாரு, என்னத்தான் கூப்பிடுறான். அடுத்தது நீதான். சத்தமாச் சொல்லி வாங்கணும், என்ன?